இவருக்கு டிஸெபிலிட்டி பணம் வருகிறது; 62 வயதில் நான் மனைவி பங்கைக் கேட்கலாமா?

மல்லிகைப்பந்தல்:

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே யோசனை, தூக்கம் கெட்டுப் போகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் நியூ ஜெர்ஸியில் இருக்கிறோம். இரண்டு பேரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டோம். என் கணவருக்கு 2020 கடைசியில் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு 59 வயது. பிழைத்து எழுந்தார், பேச்சு திரும்பியது. இடது கைதான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. காலையில் சட்டைப் பொத்தான்களை நான் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். கடைசிப் பொத்தானை மட்டும் நானே போடுகிறேன் என்று ஒற்றைக் கையால் முயல்வார். அதற்காகவே ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்துகொள்கிறேன்.

2021 முதல் இவருக்கு சோஷியல் செக்யூரிட்டியின் (அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டம்) டிஸெபிலிட்டி பணம், அதாவது உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான பணம், வருகிறது. வங்கியில் மாதம் 2,215 டாலர் விழுகிறது. முன்பு வேலை பார்த்த கம்பெனி வழியாக எடுத்திருந்த நீண்டகால டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. அடுத்த மார்ச்சில் இவருக்கு 65 முடிகிறது.

எனக்கு இந்த அக்டோபர் நடுவில் 62 முடியும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வருபவரின் துணைக்கான விசா) வந்ததால் முதல் சில வருடங்கள் வேலை செய்ய முடியவில்லை. அப்புறம் விட்டு விட்டு 14 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பகுதி நேரம், வருடத்துக்கு 19,000 டாலர் போல வரும். சோஷியல் செக்யூரிட்டி கணக்கைத் திறந்து பார்த்தால் 67 வயதில் எனக்கு மாதம் 700 டாலர் என்று காட்டுகிறது. என் மருத்துவக் காப்பீடு அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்கியது.

எங்களுக்கு வரிக் கணக்குப் பார்க்கும் ஒருவர், "உங்கள் கணவர் வாங்குவது டிஸெபிலிட்டி, ரிட்டயர்மென்ட் இல்லை. அவருக்கு 67 ஆகி அது ரிட்டயர்மென்ட்டாக மாறினால்தான் நீங்கள் மனைவி பங்கு (கணவர் கணக்கை வைத்து மனைவிக்குத் தரும் மாதப் பணம்) கேட்க முடியும்" என்றார். அது சரியா?

என் மனதை அரிப்பது இன்னொன்று. நான் கேட்டால் இவருடைய தொகையிலிருந்து பிடிப்பார்களா? இவருடைய மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் போகிற பணத்தில் ஒரு டாலர் குறைந்தாலும் எனக்கு வேண்டாம். அடுத்து, இப்போது மனைவி பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு என் சொந்தப் பணத்தை 70 வயது வரை வளரவிடலாம் என்று ஒரு தோழி சொன்னாள். அது நடக்குமா?

காவிரிக்கரை:

அம்மா, உங்கள் கணவரின் தொகையில் ஒரு காசுகூடக் குறையாது. அதை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். மனைவி பங்கு அவருடைய கணக்கை வைத்துக் கணக்கிடப்படுவதுதான், அவருடைய பணத்திலிருந்து வெட்டித் தருவது இல்லை.

வரிக்காரர் சொன்னது தவறு. கணவர் ரிட்டயர்மென்ட் வாங்கினாலும் சரி, டிஸெபிலிட்டி வாங்கினாலும் சரி, மனைவிக்கு 62 ஆகிவிட்டால் கேட்கலாம். திருமணமாகிப் பொதுவாக ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அவருக்கு வருவது எஸ்.எஸ்.டி.ஐ.யாக, அதாவது வேலை பார்த்து வரி கட்டியதை வைத்து வரும் டிஸெபிலிட்டி பணமாக, இருக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. என்றால் அதில் மனைவி பங்கு கிடையாது. நீங்கள் சொல்லும் தொகையைப் பார்த்தால் எஸ்.எஸ்.டி.ஐ.தான்.

என் தம்பி டிஸெபிலிட்டியில் இருந்தபோது தம்பி மனைவிக்காக நான்தான் கூடவே அலைந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

வங்கியில் விழும் 2,215-ஐ வைத்துப் பாதி போடாதீர்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பார்ட் பி கட்டணம் இந்த 2025-இல் மாதம் 185 டாலர், அதைக் கழித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆக அவருடைய உண்மையான தொகை 2,400. டிஸெபிலிட்டியில் வயதுக்காக எதையும் குறைப்பதில்லை, அதனால் இதுவே அவருடைய முழுத் தொகை. அதில் பாதி 1,200. உங்களுக்கு 67-இல் கிடைக்கக்கூடிய உச்சம் இதுதான்.

ஆனால் இந்த 1,200 உங்கள் 700-உடன் கூடுதலாகச் சேர்ந்து வருவது இல்லை. முதலில் உங்கள் சொந்த 700-ஐத் தருவார்கள். மிச்சம் 500-ஐ மனைவி பங்காகச் சேர்ப்பார்கள். நீங்கள் 1960-க்குப் பிறகு பிறந்தவர் என்பதால் முழு வயது, அதாவது எதுவும் குறையாமல் கிடைக்கும் வயது, 67. அதற்கு முன்னால் எடுத்தால் இரண்டு பகுதியும் குறையும், அதுவும் வெவ்வேறு அளவில். சொந்தப் பகுதியில் முதல் 36 மாதத்துக்கு மாதம் 1 சதவீதத்தில் ஒன்பதில் ஐந்து பங்கு. மனைவி பகுதியில் அதே 36 மாதத்துக்கு மாதம் 1 சதவீதத்தில் 36-இல் 25 பங்கு. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டிலுமே 1 சதவீதத்தில் 12-இல் ஐந்து பங்கு.

அக்டோபர் நடுவில் பிறந்தவர் என்றால் அக்டோபர் மாதத்துக்கு உங்களுக்குப் பணம் கிடையாது. மாதம் முழுக்க 62 வயதில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக முதல் மாதம் நவம்பர், அது கைக்கு வருவது டிசம்பரில். நவம்பரிலிருந்து எடுத்தால் சொந்தப் பகுதி சுமார் 493, மனைவி பகுதி சுமார் 327, மொத்தம் 820. 64 முடிந்து எடுத்தால் 560-உம் 375-உம் சேர்ந்து 935. 67-இல் 1,200. விலைவாசிக்காக வருடா வருடம் உயர்த்துவது தனி.

67-க்கு மேல் காத்திருந்தால் மனைவி பங்கு வளராது. 70 வரை வளர்வது சொந்தப் பங்கு மட்டும்தான்.

தோழி சொன்ன வழி ஒரு காலத்தில் இருந்தது. 2015-இல் வந்த சட்டம் அதை மூடிவிட்டது. 1954 ஜனவரி 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஒன்றைக் கேட்டால் இரண்டையும் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கணவர் ஏற்கெனவே பணம் வாங்குவதால், நீங்கள் எந்த மாதம் கேட்டாலும் இரண்டும் ஒன்றாகவே வரும்.

இன்னொன்று. கணக்கில் தெரியும் அந்த 700, நீங்கள் 67 வரை இதே சம்பளத்தில் வேலை செய்வீர்கள் என்று வைத்துப் போட்டது. நடுவில் நிறுத்தினால் கொஞ்சம் குறையலாம்.

முக்கியமான எச்சரிக்கையைக் கடைசியில் சொல்கிறேன். அந்த கம்பெனி இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பல பாலிசிகளில், டிஸெபிலிட்டி காரணமாகக் குடும்பத்தாருக்கு வரும் சோஷியல் செக்யூரிட்டி பணத்தையும் கழித்துக்கொள்வோம் என்று ஒரு விதி இருக்கும். என் தம்பி வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. தம்பி மனைவிக்குப் பணம் வரத் தொடங்கி நான்கு மாதம் ஆன பிறகு இன்ஷூரன்ஸ்காரர்கள் கடிதம் போட்டார்கள். அந்த நான்கு மாதத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. கட்டினோம். அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது தம்பி முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டில் அது வேண்டாம்.

செம்பருத்தி:

எனக்கு 68. உங்களைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன்.

காவிரிக்கரை ஐயா கணக்கை அழகாகச் சொல்லிவிட்டார். அவர் தொடாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயில் வைத்துப் பேசக் கூடாத பேச்சுதான். எங்கள் வீட்டில் நாங்களும் பேசாமலேயே இருந்தோம். ஆனாலும் இது தெரியாமல் எந்த வயதில் எடுப்பது என்று முடிவு செய்யக் கூடாது.

என் கணவருக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸில் இருந்தார், எஸ்.எஸ்.டி.ஐ. வந்தது. நான் இங்கே வேலை பார்த்ததே இல்லை. 62-இல் மனைவி பங்கை எடுத்தேன், குறைந்த தொகைதான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று பல நாள் குமைந்திருக்கிறேன். சென்ற வருடம் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு வருவது பாதி இல்லை, அவருடைய முழுத் தொகை. நான் 62-இல் எடுத்ததற்காக இதில் எதுவும் குறையவில்லை. மனைவி பங்கும், துணை போன பிறகு வருவதும் தனித்தனிக் கணக்கு. அப்போது நான் முழு வயதைத் தாண்டியிருந்தேன், அதனால் முழுதாக வந்தது. அதற்கு முன்னால் என்றால் வயதுக்கு ஏற்பக் குறையும், 60-இல் எடுத்தால் 71.5 சதவீதம். மற்றபடி ஒருமுறை மட்டும் 255 டாலர் தந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 820-க்கும் 1,200-க்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் இருவரும் இருக்கும் வரைக்கும்தான் கணக்கு. 67 வரை காத்திருந்தால், விட்டுப்போன பணத்தை ஈடுகட்டவே அதற்குப் பிறகு பத்தரை வருடம் போல ஆகும், அதாவது உங்களுக்கு 77 தாண்டிவிடும். அதற்குள் யாராவது ஒருவர் முந்திக்கொண்டால் காத்திருந்ததில் லாபம் இல்லை. அவர் நூறு வயது இருக்கட்டும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாதபோது, இன்றைக்குக் கையில் இருக்கும் பணம் வேறு மாதிரி உதவும். அந்த 62-இல் வந்த பணத்தில்தான் வாரத்தில் இரண்டு நாள் அவரைக் கவனிக்க ஒரு பெண்ணை வைத்தேன். அந்த இரண்டு நாளும் நான் மதியம் தூங்கினேன். அதுவரை எத்தனை வருடம் சரியாகத் தூங்காமல் இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திருமணச் சான்றிதழைக் கேட்பார்கள், இப்போதே தேடி வையுங்கள். எங்களுடையதில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் கடைசிப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட குடியுரிமைச் சான்றிதழையும் பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டுபோனேன், ஏற்றுக்கொண்டார்கள்.

வடக்குவாசல்:

வரிப் பருவத்தில் பெரியவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் இடத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். அங்கே அடிக்கடி பார்க்கும் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

மனைவி பங்கு வாங்கினால் மெடிகேரும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. கணவருக்கு டிஸெபிலிட்டியால் 24 மாதம் கழித்து மெடிகேர் வந்தது. உங்களுக்கு 65 ஆக வேண்டும். அதுவரை மார்க்கெட்பிளேஸ்தான்.

அந்த மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டுக் கட்டணச் சலுகைக்கு வருமானம் பார்க்கும்போது சோஷியல் செக்யூரிட்டி பணம் முழுவதையும் சேர்ப்பார்கள், வரி விதிக்கப்படாத பகுதியையும். மாதம் 820 என்றால் வருடத்துக்கு 9,840 டாலர் கூடுகிறது. உடனே போய் வருமானத்தை மாற்றிப் பதிந்துவிடுங்கள். செய்யாமல் விட்டு, ஏப்ரலில் திருப்பிக் கட்டச் சொன்னபோது என் மேசைக்கு முன்னால் அழுதவர்கள் உண்டு.

அப்புறம் உங்கள் வேலை. 67-க்கு முன்னால் பணம் வாங்கிக்கொண்டே வேலை செய்தால் 2025-இல் வரம்பு 23,400 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலரைப் பிடிப்பார்கள். உங்கள் 19,000 அதற்குக் கீழே இருக்கிறது, கவலை இல்லை. காப்பகத்தில் கூடுதல் நேரம் கேட்டால் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 44 வயது, பையனுக்கு 9. என் கணவருக்கு இந்த வருடம்தான் எஸ்.எஸ்.டி.ஐ. கிடைத்தது. பையனுக்குப் பணம் வரும் என்றார்கள். எனக்கு 62 ஆகும் வரை எதுவும் இல்லையா?

காவிரிக்கரை:

உண்டு அம்மா. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட அவருடைய பிள்ளையை நீங்கள் வளர்த்தால் எந்த வயதிலும் மனைவி பங்கு கேட்கலாம், வயதுக்காகக் குறைக்கவும் மாட்டார்கள். ஆனால் டிஸெபிலிட்டியில் ஒரு குடும்பத்துக்கு என்று உச்சவரம்பு இருக்கிறது. அவருடைய தொகையையும் சேர்த்து அதிகபட்சம் ஒன்றரை மடங்கு. சம்பளம் குறைவாக இருந்தவர்களுக்கு அதற்கும் கீழே, சிலருக்குக் குடும்பத்துக்கு எதுவுமே மிஞ்சாது. பையன் ஒருவனே பாதியை வாங்கினால் வரம்பு நிரம்பிவிடும். நீங்களும் சேர்ந்தால் அதே பாதியை இரண்டாகப் பிரிப்பார்கள், வீட்டுக்கு வரும் மொத்தம் மாறாது. ஆகவே முதலில் பையனுக்கு அப்ளை செய்யுங்கள். டிஸெபிலிட்டி கணக்கு என்பதால் தகுதி இருந்திருந்தால் 12 மாதம் வரை பின்னோக்கியும் தருவார்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் அம்மாவுக்கு இந்த உச்சவரம்பு இடிக்காது. 2,400 வாங்குபவர் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு இடம் இருக்கும், வேறு பங்குதாரரும் இல்லை.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செம்பருத்தி அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். இவரிடம் படித்துக் காட்ட மனம் வரவில்லை. அந்த மதியத் தூக்கத்தைப் பற்றி எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் அப்படி ஒரு ஆள் வைத்துக்கொள்" என்றார்.

காவிரிக்கரை ஐயா, பாலிசியைத் தேடி எடுத்துவிட்டேன். அலமாரியின் அடித்தட்டில், ஆஸ்பத்திரி பில்களுக்குக் கீழே கிடந்தது. நீங்கள் சொன்ன விதி பதினோராம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. டிஸெபிலிட்டி காரணமாக மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரும் சோஷியல் செக்யூரிட்டி தொகையைக் கழிப்பார்களாம். அடுத்த பக்கத்தில், 65 வயது முடியும் மாதத்தோடு இந்த இன்ஷூரன்ஸே நின்றுவிடும் என்று இருக்கிறது. அதாவது வரும் மார்ச்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நவம்பரிலிருந்து எடுத்தால், மார்ச் வரை ஐந்து மாதம் என் மனைவி பங்கான 327-ஐ இன்ஷூரன்ஸ்காரர்கள் இவரிடம் கழித்துவிடுவார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அது சோஷியல் செக்யூரிட்டி வழியாக இல்லாமல் இந்த வழியாக நடந்திருக்கும். ஏப்ரலில் எடுத்தால் கழிக்க ஆளே இல்லை. அதே மாதம் இன்ஷூரன்ஸ் பணம் நின்று வீட்டு வரவில் விழும் பள்ளத்தையும் இது ஓரளவு நிரப்பும். 62 வயது ஆறு மாதம் என்று போட்டுப் பார்த்தேன்: 507.50-உம் 337.50-உம், மொத்தம் 845. ஐயா, சரியா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

67 வரை காத்திருப்பதைப் பற்றியும் பேசினோம். இவர் வேண்டாம் என்றார், எனக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றியது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. 2028 மார்ச்சில் இவருக்கு 67 ஆகும்போது நாங்கள் ஏதாவது படிவம் கொடுக்க வேண்டுமா?

காவிரிக்கரை:

845 சரி. நல்ல முடிவு.

67-இல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். டிஸெபிலிட்டி தானாகவே ரிட்டயர்மென்ட்டாக மாறிவிடும், தொகையும் அதேதான், உங்கள் பங்கும் மாறாது. அப்போது யாராவது வந்து, "அவர் பணத்தை நிறுத்திவைத்தால் 70 வரை வருடத்துக்கு 8 சதவீதம் வளரும்" என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அவர் நிறுத்தினால் உங்கள் மனைவி பங்கும் நின்றுவிடும். அவர் உடல்நிலையில் அது உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

பணம் தொடங்க வேண்டிய மாதத்துக்கு நான்கு மாதம் முன்னால் வரை அப்ளை செய்யலாம். படிவத்தில் தொடங்கும் மாதம் ஏப்ரல் 2026 என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஃபோனில் பேசினாலும் அதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல்:

சரி ஐயா. டிசம்பர் முதல் வாரம் அப்ளை செய்கிறேன். திருமணச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, செம்பருத்தி அக்கா சொன்ன மாதிரியே என் பெயர் இனிஷியலோடுதான் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து உறையில் போட்டிருக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.